சட்டத்திற்கு அடங்கியவன் பொறுப்பு நீங்கியவனா?

சட்டம் கேட்டதைச் செய்து முடித்த ஒருவன், அதற்கப்பால் எதற்கும் தான் பொறுப்பாளி அல்லன் என்று சொல்லிக்கொள்ளலாமா? இவ்வினா பழையது. நீதி நூல் படித்தோர்க்கும், கோர்ட்டுப் படியேறியோர்க்கும், இன்ஸ்பெக்டர் வரும் நாளன்று மட்டும் தோட்டத்து லயங்களுக்குச் சுண்ணாம்பு பூசப்படுவதைக் கண்டோர்க்கும் இது புதிதன்று. எனினும் பொதுப்படப் பேசினால் ஒரு முடிவிற்கும் வாராத வினாவாதலின், ஏதேனும் ஒரு பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு பேசுவதே நலமென்று கருதுகிறோம். நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் கைத்துப்பாக்கி. இடம் ஐக்கிய அமெரிக்க நாடு.

நம் வாசகர்களில் பெரும்பாலோர் கைத்துப்பாக்கியைப் போலீஸ்காரர் இடுப்பிலன்றி வேறெங்கும் கண்டிரார். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அனுமதியின்றி அதனை வைத்திருத்தலே கொடுங் குற்றம். அமெரிக்காவிலோ அது கடையில் விலைக்குக் கிடைக்கும் சரக்கு. அந்நாட்டு மக்கள் துப்பாக்கி வைத்திருக்கலாமா, கூடாதா என்னும் பெருவழக்கு அங்கே ஓயாது நடந்து வருகின்றது. அதற்குள் நாம் நுழையவில்லை. விற்பதென்று ஆனபின், விற்கப்படும் பொருள் எத்தன்மையதாக இருத்தல் வேண்டும், அதனைச் செய்யும் முதலாளி எம்மட்டிற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்பதே நம் விசாரணை.

முதலில் ஒரு விந்தையைக் கூறவேண்டும். மக்கள் விலைக்கு வாங்கும் பண்டங்களால் அவர்களுக்குத் தீங்கு நேராவண்ணம் காக்கும்பொருட்டு, அமெரிக்க மத்திய சர்க்கார் 1972ஆம் ஆண்டில் ஒரு சட்டம் செய்து, அதனை நடத்த ஒரு கமிஷனையும் நியமித்தது. ரொட்டி வாட்டும் மின்சார அடுப்பு, குழந்தையின் தொட்டில், விளையாட்டுச் சாமான் முதலியவெல்லாம் அக்கமிஷனின் பார்வைக்குள் வந்தன. துப்பாக்கி மட்டும் வரவில்லை. சட்டத்திலேயே அது விலக்கி வைக்கப்பட்டது. பொம்மைத் துப்பாக்கியின் முனையில் ஆரஞ்சு நிறம் இருக்கவேண்டுமென்று அந்நாட்டில் விதி உண்டு. மெய்த் துப்பாக்கி கை தவறி விழுந்தால் தானே வெடிக்கலாகாது என்று சொல்ல மத்திய சர்க்காரின் எந்த விதியும் இல்லை! வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகும் கைத்துப்பாக்கிகளுக்கு மாத்திரம் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சில அளவுகள் வகுக்கப்பட்டன. உள்நாட்டில் செய்வோரை அவை கட்டவில்லை.

இந்த வெற்றிடத்தை நிரப்ப முன்வந்தவை மாகாணங்கள். மேரிலாந்து 1988இல் அனுமதிப் பட்டியல் ஒன்றை ஏற்படுத்தியது. அவ்வாண்டு நவம்பரில் குடிமக்களே வாக்களித்து அதனை உறுதிப்படுத்தினர். மாசசூசெட்ஸ் மாகாணத்து அட்டர்னி ஜெனரல் 1997இல் விதிகள் வகுத்தார். கலிபோர்னியா 1999இல் சட்டம் இயற்றி 2001ஆம் ஆண்டின் முதல் நாளிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மூன்றிலும் விரிவானது கலிபோர்னியாவினது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைச் சூழ்ந்த தொழிற்சாலைகள் சிலவற்றில் துத்தநாகக் கலப்பு உலோகத்தை அச்சில் வார்த்து, மிக மலிவாகக் கைத்துப்பாக்கிகள் செய்து குவித்து வந்தனர். அவற்றை மனத்திற்கொண்டே அச்சட்டம் எழுந்தது.

அச்சட்டத்தின்படி சோதனை நடக்கும் முறையைச் சிறிது விரித்துரைப்போம். ஒரு மாதிரியில் மூன்று துப்பாக்கிகளைக் கம்பெனியார் அனுமதி பெற்ற சோதனைச் சாலைக்கு அனுப்பவேண்டும். ஒவ்வொன்றிலும் 600 தோட்டாக்கள் சுடப்படும். முதல் 20 தோட்டாக்கள் ஒரு கோளாறுமின்றிச் சுடப்படவேண்டும். 600 முடிவதற்குள் 6 தடவைக்குமேல் கோளாறு நிகழலாகாது. அபாயம் விளைக்கும் வெடிப்போ முறிவோ எந்த உறுப்பிலும் தோன்றலாகாது. மற்றொரு சோதனை கீழே போட்டுப் பார்ப்பது. மருந்தும் ஈயமும் இல்லாது அடியில் வெடிப்பொட்டு மட்டும் வைத்த தோட்டாவை ஏற்றி, ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் கூடுதலான உயரத்திலிருந்து சிமிட்டித் தளத்தின்மேல் விழச்செய்வர். நேராகவும், தலைகீழாகவும், பிடி கீழாகவும், முனை கீழாகவும், பக்கவாட்டிலும், பின்புறம் கீழாகவும் ஆக ஆறு நிலைகளில் இது நடக்கும். எந்நிலையிலும் பொட்டு வெடிக்கலாகாது. மூன்று துப்பாக்கிகளும் தேறினால் அம்மாதிரி பட்டியலில் ஏறும். ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி வந்தால் பட்டியலில் நிலைத்திருக்கும்.

இச்சோதனையை ஏளனம் செய்வோர் உளர். நாம் அவர்களோடு சேரோம். மேசையினின்று நழுவி விழுந்த துப்பாக்கி வீட்டிலுள்ளாரைச் சுடலாகாது என்பது மிகச் சிறிய கோரிக்கை. அச்சிறிய கோரிக்கையையேனும் யாரோ ஒருவர் எழுத்தில் வடிக்கவேண்டியிருந்தது. எழுத்தில் இல்லாத வரை அதனைச் செய்யாதோர் பலர் இருந்தனர்.

நிற்க. சட்டம் எழுத்தில் வந்ததும் அதற்கு அடங்கும் கலையும் உடன்பிறந்து விடுகின்றது. இதற்கு 1968ஆம் ஆண்டு இறக்குமதிச் சட்டமே முன்னுதாரணம். கைத்துப்பாக்கியின் நீளம், உயரம், எடை, பொருத்தியுள்ள உறுப்புகள் ஆகியவற்றிற்கு மதிப்பெண் அளித்து, போதிய எண் பெற்றதையே உள்ளே விடுவர். ஜெர்மனியின் வால்தர் கம்பெனி செய்த சிறிய கைத்துப்பாக்கியொன்று, உயரம் சற்றே குறைந்தமையால் தவறிவிட்டது. கம்பெனியார் என் செய்தனர்? தம்முடைய பெரிய துப்பாக்கியின் அடிப்பாகத்தை எடுத்து, அதன்மேல் சிறியதன் மேற்பாகத்தைப் பொருத்தினர். உயரம் வந்துவிட்டது; மதிப்பெண்ணும் வந்துவிட்டது. உடன் இன்னொன்றும் வந்தது: அடிப்பாகம் நீண்டதால் அதில் ஒரு தோட்டா கூடுதலாகக் கொண்டது! குற்றவாளியின் சட்டைப்பையில் மறையும் சிறு துப்பாக்கியைத் தடுக்க வந்த விதி, அதே துப்பாக்கியை ஒரு குண்டு மிகுதியாக உள்ளே அழைத்து வந்தது. கம்பெனியார் பொய் சொல்லவில்லை, லஞ்சம் கொடுக்கவில்லை. சட்டத்திற்கு முற்றிலும் அடங்கினர்.

கலிபோர்னியாவிலும் இத்தகைய அடக்கத்திற்குக் குறைவில்லை. 2007 முதல், புதிதாகப் பட்டியலில் சேரும் துப்பாக்கிகளுள் தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் வகையில் பெரும்பாலானவற்றிற்கு இரண்டு உறுப்புகள் கட்டாயமாயின. உள்ளே தோட்டா இருக்கிறதென்று கண்ணுக்குக் காட்டும் அடையாளம் ஒன்று. தோட்டா அடுக்கிய கூட்டினைக் கழற்றிவிட்டால், குழலில் ஒரு தோட்டா மறந்து தங்கியிருந்தாலும் சுட முடியாதபடி தடுக்கும் பொறி மற்றொன்று. இரண்டும் நல்லவை. கூட்டைக் கழற்றிவிட்டோம், இனி அபாயமில்லை என்று நம்பி விசையை இழுத்து உயிர் போக்கியவர் கதைகள் அந்நாட்டில் மிகப் பல. ஆயின் முன்னமே பட்டியலில் ஏறியிருந்த மாதிரிகளை இவ்விதி தொடவில்லை. அவற்றில் ஒரு மாற்றமும் செய்யாதிருக்கும் வரையில் அவை விற்கலாம். உட்பொறியைத் திருத்தினாலோ, அது புதிய துப்பாக்கியாகி, புதிய விதிகள் அனைத்திற்கும் உட்படவேண்டும். விளைந்தது யாது? குளோக் என்னும் ஆஸ்திரியக் கம்பெனி தன் துப்பாக்கியின் நான்காம் தலைமுறையை 2010இலும் ஐந்தாம் தலைமுறையை 2017இலும் உலகிற்கு விற்றது. கலிபோர்னியாக் கடைகளில் பொதுமக்களுக்குப் பல்லாண்டு கிடைத்ததோ பழைய மூன்றாம் தலைமுறையே. மாறாதிருப்பதே சட்டத்திற்கு அடங்கும் வழியாயிற்று. கடைக்காரர் சிலர் வேறு வழி கண்டனர். ஒரே ஒரு தோட்டா கொள்ளும் நீண்ட துப்பாக்கிகளுக்குச் சோதனையினின்று விலக்கு இருந்தது. பட்டியலில் இல்லாத துப்பாக்கிக்குத் தற்காலிகமாக நீண்ட குழல் பூட்டி, கூட்டையும் அடைத்து, 'ஒற்றைத் தோட்டா'வென விற்றனர். வாங்கியவர் மீண்டும் பழைய உருவிற்கு மாற்றிக்கொண்டார். 2015ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்தே இவ்வழி அடைபட்டது.

இடையே ஒரு சொல். இப்பட்டியலுக்குப் புறம்பான துப்பாக்கிகளைப் போலீஸார் வாங்கிக்கொள்ளச் சட்டமே இடம் தருகின்றது. அபாயமுள்ளது என்று குடியானவனுக்கு மறுக்கப்படும் பொருள் அதிகாரியின் கையில் எங்ஙனம் அபாயமற்றதாகும் என்று அம்மாகாணத்தார் கேட்பது நியாயமே. பயிற்சி பெற்றவர் என்பது விடை. தரையில் விழும் துப்பாக்கி, கீழே போட்டவரின் பயிற்சியைக் கேட்டு வெடிப்பதில்லை.

இனி, வளைந்து நெளிந்து அடங்கியோரை விட்டு, நேர்மையாகவே அடங்கியோரைப் பார்ப்போம். நம் வினாவின் கடுமை அங்கேதான் உள்ளது. சிக் சவர் கம்பெனியார் பி-320 என்னும் கைத்துப்பாக்கியைச் செய்தனர். அமெரிக்கப் படையும் அதன் வகையொன்றை 2017இல் தேர்ந்துகொண்டது. அவ்வாண்டிலேயே தனியார் சிலர் அதனைக் கீழே போட்டுப் பார்த்தபோது, ஒரு குறிப்பிட்ட சாய்வில் பின்புறம் தரையில் படும்படி விழுந்தால் அது தானே சுடுவதைக் கண்டனர். டல்லஸ் நகரப் போலீஸார் அதன் உபயோகத்தை நிறுத்தி வைத்தனர். அமெரிக்காவில் வழங்கும் பாதுகாப்பு அளவுகள் அனைத்தையும் தம் துப்பாக்கி நிறைவேற்றுகின்றது என்று கம்பெனியார் கூறினர். பின்னர், ஆகஸ்டு மாதத்தில், விரும்புவோர் திருப்பி அனுப்பினால் திருத்தித் தருவதாக அறிவித்தனர். அவர்கள் கூறியது பொய்யென்று நாம் சொல்லவில்லை. வழங்கிய சோதனைகள் கேட்ட நிலைகளில் அது வெடிக்கவில்லை. துப்பாக்கி விழுந்ததோ கேட்கப்படாத ஒரு சாய்வில்.

எந்தச் சோதனைக்கும் இயல்பான எல்லை இதுவே. சட்டம் எழுதுவோர் நடந்து முடிந்த விபத்துகளைப் பார்த்தே எழுதுகின்றனர். ஆறு நிலைகள் என்று எழுதுவர். ஏழாவதை அவர்கள் அறியார். தொழிலாளியோ எஞ்சினீயரோ தாம் செய்த பொறியின் உட்புறத்தை நாள்தோறும் பார்க்கின்றனர். எந்த வில் தளர்ந்தது, எந்தக் கொக்கி நுனியில் நிற்கின்றது, எந்த எடை அசைந்தால் விசை தானே நகரும் என்பதைச் சர்க்காருக்கு முன்னே அறியக்கூடியவர் அவரே. அறிவு எவரிடத்து முதலில் வருகின்றதோ அவரிடத்தே பொறுப்பும் முதலில் வருகின்றது என்பது நம் கருத்து. 'சட்டம் அதனைக் கேட்கவில்லையே' என்னும் விடை, அறியாதவன் வாயில் நியாயமாக ஒலிக்கும். அறிந்தவன் வாயில் ஒலியாது.

இதற்கு ஒரு மெய்யான வழக்கு சான்றாகும். 1994ஆம் ஆண்டில், கலிபோர்னியச் சட்டம் பிறக்குமுன், அம்மாகாணத்தில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் சுடப்பட்டான். சுட்டவர் பகைவர் அல்லர். வீட்டிலிருந்த மலிவான கைத்துப்பாக்கியினின்று தோட்டாவை எடுத்துவிட முயன்றவர். அத்துப்பாக்கியின் அமைப்பு எப்படியெனில், உள்ளேயுள்ள தோட்டாவை வெளியே எடுக்கவேண்டுமாயின், பாதுகாப்புப் பூட்டை முதலில் சுடும் நிலைக்குத் தள்ளியாகவேண்டும். அபாயத்தை நீக்கும் செயலுக்கே அபாயத்தின் கதவைத் திறக்கவேண்டும்! சிறுவன் உயிர் பிழைத்தான். கழுத்திற்குக் கீழே அசைவற்றுப் போனான். 2003இல் ஜூரிகள் பெருந்தொகை நஷ்டஈடு விதித்து, பொறுப்பைப் பலருக்குப் பங்கிட்டு, துப்பாக்கி செய்த கம்பெனியையும் அதில் சேர்த்தனர். அக்கம்பெனி திவாலாயிற்று. அது செய்யப்பட்ட நாளில் அந்தப் பூட்டு அவ்வாறு இருத்தலாகாதென்று எந்த மாகாணச் சோதனையும் கேட்கவில்லை. ஜூரிகளோ சோதனையைக் கேட்கவில்லை. இப்படிச் செய்தவன் இதனை எண்ணிப் பார்த்திருக்க வேண்டாவா என்றே கேட்டனர். 2005இல் மத்திய சர்க்கார், துப்பாக்கி செய்வோர்மீதும் விற்போர்மீதும் தொடுக்கப்படும் வழக்குகள் பலவற்றைத் தடுக்கும் சட்டம் ஒன்றை இயற்றியது. அமைப்பின் குறைபாட்டைப் பற்றிய வழக்கிற்கு ஓரளவு இடம் எஞ்சியுள்ளது.

முதலாளிகள் பக்கத்து நியாயத்தையும் கேட்காது விடுதல் முறையாகாது. சட்டம் எப்போதும் குறைவாகவே கேட்கின்றது என்பது உண்மையன்று. சில வேளை கையிலில்லாததைக் கேட்கின்றது. கலிபோர்னியா 2007இல் மற்றொரு சட்டம் செய்தது. துப்பாக்கி சுடும்போதே அதன் பெயரும் வரிசை எண்ணும் தெரிவிக்கும் நுண்ணிய எழுத்துகள் தோட்டாவின் பித்தளைக் கூட்டில் பதியவேண்டும்; கொலை நடந்த இடத்தில் கிடக்கும் வெற்றுக்கூட்டைக் கொண்டே துப்பாக்கியைக் கண்டுபிடிக்கலாம் என்பது நோக்கம். அது 2013 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அம்முறை நிலையாக வேலை செய்யாதென்றும், தேய்ந்துபோகும், சுரண்டியும் விடலாமென்றும் கம்பெனிகள் வாதித்தன. ஸ்மித் அண்டு வெஸ்ஸன், ரூகர் என்னும் இரு பெருங் கம்பெனிகளும் 2014 ஜனவரியில், இவ்விதிக்கு உட்பட்டுப் புதிய துப்பாக்கிகளை அம்மாகாணத்தில் விற்கமாட்டோம் என்று வெளிப்படையாகக் கூறிவிட்டன. அதன்பின் ஏறக்குறைய பத்தாண்டுக் காலம், தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் புது மாதிரி ஒன்றேனும் பட்டியலில் ஏறவில்லை. இயலாததைச் சட்டம் கேட்பதில்லை என்று கலிபோர்னியச் சட்டப் புத்தகத்திலேயே ஒரு வாக்கியம் உண்டு. அதனைக் காட்டிக் கம்பெனிகளின் சங்கம் வழக்கிட்டது. இயலாமை என்பது சட்டத்தை அழித்துவிடக் காரணமாகாது என்று 2018இல் மாகாணத்துச் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2023இல் மத்திய நீதிபதி ஒருவர் அவ்விதியை நிறுத்திவைத்தார். அவ்வாண்டிலேயே சட்டசபை வேறோர் உருவில் அதனை எழுப்பி, இயலுமென்று இலாகா முடிவுசெய்தால் 2028 முதல் என்று தவணை வைத்தது.

இதில் யார் பக்கம் நியாயம்? 'முடியாது' என்ற சொல்லில் இரண்டு பொருள் ஒளிந்திருக்கின்றன. அறிவு எட்டவில்லை என்பது ஒன்று. ஆதாயம் எட்டவில்லை என்பது மற்றொன்று. முதலாவதைச் சொல்வோன் தான் முயன்ற கணக்கைக் காட்டவேண்டும். மறுத்து வெளியேறிய கம்பெனிகளை நாம் வெறுக்கவில்லை. மதிப்பெண்ணுக்காக உயரத்தை ஒட்டவைத்தவரைக் காட்டிலும் வெளிப்படையாக மறுத்தவர் ஒருவகையில் நேர்மையுடையவர். அதே நேரத்தில் அவர்கள் பழைய மாதிரிகளைப் பட்டியலின் நிழலில் விற்றுக்கொண்டுதானிருந்தனர். சர்க்காரும் தன் பங்கிற்கு, கேட்பது இயலுமா என்று அறிந்தபின் கேட்டிருக்கவேண்டும். இயலாததைக் கட்டளையிடும் சட்டம், இயலுவதையும் அலட்சியம் செய்யக் குடிகளைப் பழக்குகின்றது.

சட்டம் கேளாமலே முன்வந்த ஒரு கம்பெனியின் கதி என்னவாயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேற்சொன்ன ஸ்மித் அண்டு வெஸ்ஸனே, 2000ஆம் ஆண்டு மார்ச் 17இல், கிளிண்டன் சர்க்காரோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. துப்பாக்கிக்குப் பூட்டு வைப்பதாகவும், சிறு குழந்தையின் விரல் இழுக்க முடியாதபடி விசை அமைப்பதாகவும், தன் சரக்கை விற்கும் கடைக்காரருக்கு ஒழுங்குவிதி வகுப்பதாகவும் ஒப்பியது. நகரங்கள் தொடுத்திருந்த வழக்குகளினின்று தப்பும் நோக்கமும் அதில் இருந்தது, அதனை மறைக்கவேண்டியதில்லை. செய்தி வந்தது, துப்பாக்கிப் பிரியர்கள் கொதித்தெழுந்தனர். துரோகி என்றனர், அக்கம்பெனிச் சரக்கை பகிஷ்கரித்தனர். விற்பனை வீழ்ந்தது. 1987இல் பதினோரு கோடி டாலருக்கும் மேல் கொடுத்து அக்கம்பெனியை வாங்கிய ஆங்கிலேய முதலாளிகள், 2001 மே மாதத்தில் ஒன்றரைக் கோடி டாலருக்கு விற்றுவிட்டுக் கைகழுவினர். வாங்கியது துப்பாக்கிப் பூட்டுச் செய்யும் ஒரு சிறு கம்பெனி! உடன்படிக்கையோ அடுத்து வந்த சர்க்காரின் காலத்தில் செயலற்றுப் போயிற்று. மற்றக் கம்பெனிகள் இதனைப் பார்த்துக்கொண்டிருந்தன. என்ன பாடம் கற்றிருக்கும் என்பதை நாம் சொல்லவேண்டுமா?

ஆகவே பொறுப்பை முதலாளியின் வாசலில் மட்டும் இறக்கிவைத்துத் திரும்ப நமக்கு மனம் வரவில்லை. பண்டம் செய்பவன் ஒருவன். அதனை இன்னதாகச் செய் என்று பணத்தால் கட்டளையிடுபவன் வேறொருவன். சர்க்காரின் கட்டளை புத்தகத்தில் இருக்கின்றது. வாங்குபவன் கட்டளை நாள்தோறும் கல்லாப்பெட்டியில் விழுகின்றது. மாசசூசெட்ஸ் மாகாணத்து விதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். சராசரி ஐந்து வயதுக் குழந்தை சுட இயலாதபடி கைத்துப்பாக்கி அமைந்திருக்கவேண்டும் என்கிறது அது. நாம் படித்த சட்ட வாசகங்களுள் இத்துணை எளிய மனிதத்தன்மை வாய்ந்தவை சிலவே. அதனை நிறைவேற்றும் வழிகளுள் ஒன்று, விசையை இழுக்கப் பத்துப் பவுண்டு பலமாவது வேண்டும்படி வில்லை அமைப்பது. கம்பெனிகள் இவ்விதியை எதிர்த்தன. மாகாணத்துக் கோர்ட்டு 1999இல் அட்டர்னி ஜெனரலின் அதிகாரத்தை ஒப்புக்கொண்டது. பின்னர்ச் சில கம்பெனிகள் அம்மாகாணத்திற்கென்றே கடினமான வில் பூட்டித் தனியாகத் துப்பாக்கி செய்து அனுப்பலாயின.

அத்துப்பாக்கியை வாங்குவோருள் பலர் செய்யும் முதற்காரியம் ஒன்றுண்டு. விசை கடினமாக இருந்தால் குறி தவறும் என்பது அவர்கள் கூறும் காரணம். அதில் உண்மையும் இல்லாமலில்லை. விதி விற்பவரையே கட்டுகின்றது. வாங்கியவர் கையை அன்று. ஆதலின் அவர்கள் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோய், அல்லது தம் வீட்டு மேசைமேலேயே கழற்றி, பத்துப் பவுண்டு வில்லை எடுத்துவிட்டு இலேசான வில் ஒன்றைப் பூட்டிக்கொள்கின்றனர். கம்பெனி சட்டத்திற்கு அடங்கிவிட்டது. கடைக்காரர் அடங்கிவிட்டார். வாங்கியவரும் எச்சட்டத்தையும் மீறவில்லை. கழற்றிய வில் மேசையின் இழுப்பறையில் கிடக்கின்றது; அடுத்த அறையில் ஐந்து வயதுக் குழந்தை விளையாடிக்கொண்டிருக்கின்றது.